நீலக் கோட்டின் விமானப் பயணம்

எனக்கு இருபத்தொன்பது வயது. விமானத் துறையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. சிரிக்க வேண்டாம். மூன்று வருடம் ஒரு வேலையைச் செய்து, நின்று நின்று காலில் நரம்பு புடைத்து, மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி, பிரியாவிடைக் கேக்கும் வெட்டாமல் வெளியே வந்தால் அதற்குப் பெயர் ஓய்வுதான். ஓய்வூதியம் மட்டும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தவள் துஷானி. பலாலி விமான நிலையத்தில் நான் விட்டுவந்த கவுண்டரில் இப்போது நிற்பவள். போன கிழமை எனக்கு வட்சப்பில் ஒரு படம் அனுப்பினாள். பயணிகள் என்ன உடுத்தி வரலாம், என்ன உடுத்தி வரக்கூடாது என்று கம்பனி புதிதாக அடித்த அட்டை. வலப்பக்கம் சிவப்புப் பிழை: வெறும் மேல், அரைக்காற்சட்டை, கிழிந்த ஜீன்ஸ், கறை படிந்த சேட்டு, எல்லாம் கேலிச் சித்திரமாக. இடப்பக்கம் பச்சைச் சரி: அங்கே மட்டும் உண்மையான மனிதர் ஒருவரின் புகைப்படம். நீலக் கோட் போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

படத்துக்குக் கீழே துஷானியின் குரற்பதிவு: "அக்கா, உந்தக் கோட்டை வடிவாப் பாருங்கோ. எங்கடை பெட்டிக்குள்ளை கிடக்கிற கோட்டெல்லோ? உள்பக்கம் கறுத்த கறை இருக்கு. ஆற்றை கோட்டெண்டு கேட்டால் சேர் சொல்லுறாரில்லை, சிரிக்கிறார். உங்களைக் கேக்கட்டாம்."

கேட்டுவிட்டாள். சொல்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட பயிற்சி ஒன்பது நாள். பாஸ்போட்டைப் பார்ப்பது, பெட்டியை நிறுப்பது, நிறை கூடினால் அழுதுகொண்டு நிற்பவரிடமும் சிரிப்பது எப்படி என்று எட்டரை நாள் போனது. மிச்ச அரை நாளில் ஒரு பக்கக் கடதாசி தந்தார்கள். அதிலே ஒரு வசனம்: பயணி ஏற்ற உடையில் இருக்க வேண்டும், எது ஏற்றது என்பதை ஊழியர் தீர்மானிப்பார்.

அந்த ஊழியர் நான். நல்லூரில் எங்கள் வீட்டில், வெளிக்கிடும் ஒவ்வொரு முறையும் "உதென்ன உடுப்பு, போய் மாத்து" என்று அம்மாவிடம் ஏச்சு வாங்கியவள். இருபத்தைந்து வயதில் ஒரு விமானம் நிறைந்த சனத்துக்கு நான் அம்மாவானேன். உண்மையைச் சொன்னால், முதல் மாதம் மிகவும் நன்றாக இருந்தது.

எங்கள் நிலையப் பொறுப்பாளர் ஜெபரத்தினம் சேர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை. பலாலி வெய்யிலில் தார் இளகும் நாளிலும் கழுத்துப் பட்டியைத் தளர்த்தமாட்டார். கோபம் வந்தால் ஏசமாட்டார், மூக்குக்குள் ஒரு கீர்த்தனையை முனகுவார். எந்தக் கீர்த்தனை என்பதை வைத்துக் கோபத்தின் அளவை நாங்கள் கண்டுபிடிப்போம். கிறிஸ்மஸ் பாட்டென்றால் தப்பலாம். பெரிய வெள்ளிப் பாட்டென்றால் அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளை இல்லை.

பயணியின் உடையைப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. காலில் தொடங்க வேண்டும். செருப்பு, வேட்டியின் கரை, இடுப்பு, சேட்டுப் பொத்தான், கழுத்து, முகம். முகத்தில் வந்து நிற்க வேண்டும். நின்றதும் வணக்கம் சொல்ல வேண்டும். "மேலையிருந்து கீழை பாத்தால் அது அளக்கிறது, பிள்ளை. கீழையிருந்து மேலை பாத்தால் ஆளைப் பாத்து முடிக்கிறது" என்பார். நான் முதல் இரண்டு மாதமும் சேட்டுப் பொத்தானிலேயே நின்றுவிடுவேன். வரிசை நீளமாயிருக்கும், முகம் வரைக்கும் போக யாருக்கு நேரம்?

'ஏலாது' என்ற சொல்லை அவர் பாவித்து நான் கேட்டதில்லை. உடை சரியில்லை என்றால் குரலைத் தணித்து, "ஒரு சின்ன உதவி செய்வமோ?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே காலால் மேசைக்குக் கீழே இருந்து ஒரு பிஸ்கற் பெட்டியை வெளியே தள்ளுவார். அட்டைப் பெட்டிதான். உள்ளே நாலு சேட்டு, இரண்டு சாரம், ஒரு சால்வை, மூன்று சோடி செருப்பு. எல்லாம் சேரின் வீட்டு அலுமாரியிலிருந்து வந்தவை. பயணி போட்டுக்கொண்டு போய், திரும்பி வரும்போது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால் கொடுத்தார்கள். சிலர் மடித்து, மல்லிகைப்பூவும் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியைப் பற்றிக் கம்பனியின் எந்தக் கடதாசியிலும் ஒரு வரி கிடையாது.

கடைசியாக ஒரு கொப்பி. பறப்பு முடிந்ததும் உடை என்ற நிரலில் எழுத வேண்டும். மூன்று சொற்களில் ஒன்று: தகும். உதவியுடன் தகும். தகாது. சேர் வந்த நாள் தொட்டு மூன்றாவது சொல்லை யாரும் அந்தக் கொப்பியில் எழுதியதில்லை.

எங்கள் விமானம் சென்னைக்குப் போகிற சின்ன விமானம். ஒரு மினிபஸ்ஸுக்குச் செட்டை வைத்தது போல இருக்கும். ஆனால் அதில் ஏற வருகிறவர்களின் உடுப்பை வைத்து ஒரு அருங்காட்சியகமே நடத்தலாம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒருவர் வந்தார், கனடாக்காரர். காலைப் பூசை பார்த்த கையோடு ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார். பட்டு வேட்டி, மேல் முழுக்கத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், சேட்டு இல்லை. சேட்டு எங்கே என்று கேட்டேன். பெரிய பெட்டிக்குள் என்றார். பெரிய பெட்டியோ ஏற்றியாகிவிட்டது.

"தங்கச்சி, ஒரு ஞாயம் கதையுங்கோ. அரை மணித்தியாலத்துக்கு முன்னம் சேட்டைக் கழட்டினால்தான் உள்ளை விடுவமெண்டு ஒருத்தர் வாசலிலை நிண்டு சொன்னவர். இப்ப சேட்டைப் போட்டால்தான் உள்ளை விடுவமெண்டு நீங்கள் வாசலிலை நிண்டு சொல்லுறியள். நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்கால் கதைச்சு ஒரு முடிவுக்கு வரக் கூடாதோ?"

பிஸ்கற் பெட்டியிலிருந்து ஒரு சேட்டை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய வயிற்றுக்கு மூன்றாவது பொத்தானுக்குக் கீழே பூட்டுப்படவில்லை. உதவியுடன் தகும்.

இன்னொரு அம்மா அதற்கு எதிர்மாறு. பெட்டியின் நிறை கூடிவிட்டது என்று சொன்னதும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஆள் இரண்டு மடங்காகியிருந்தார். சேலைக்கு மேலே மூன்று கம்பளிச் சட்டை, அதற்கு மேலே மழைக்கோட், மழைக்கோட்டின் இரண்டு பொக்கற்றிலும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல். பங்குனி மாத வெய்யில்.

"அம்மா, உது என்ன?"

"குளிர், பிள்ளை."

கடதாசியை எடுத்து வாசித்தேன். குறைச்சலாக உடுத்துவதற்கு ஆறு வரியில் தடை இருந்தது. கூடுதலாக உடுத்துவதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. "தகும்" என்று எழுதினேன். விமானத்தின் படியில் ஏறும்போது அவர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு வெற்றிச் சிரிப்பொன்று சிரித்தார்.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருந்தால் நான் இன்றைக்கும் அங்கேதான் நின்றிருப்பேன். ஆனால் மூன்றாம் வருடம் என்னை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தது. அதற்காக நிலையத்தைப் பார்வையிட சென்னையிலிருந்து மனேஜர் ஒருவர் வருகிறார் என்றார்கள். உயர்வு வரப்போகிறது என்றால் மனிதருக்கு என்னென்ன வியாதி பிடிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வருவதற்கு முதல் நாள் கவுண்டரை நான் மனேஜரின் கண்ணால் பார்த்தேன். மேசைக்குக் கீழே பழைய பிஸ்கற் பெட்டி. உள்ளே ஊர்ப்பட்ட வேர்வை நாற்றத்தோடு சேட்டுகள். இதைப் பார்த்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? சேரிடம் கேட்கவில்லை. பெட்டியோடு தூக்கி ஊழியர்களின் வான் வண்டியில் போட்டு, நல்லூரில் எனக்குத் தெரிந்த லோன்றிக்கு அனுப்பிவிட்டேன். முழுப் பெட்டியையும். ஒரு சால்வையைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த அளவுக்குக் கெட்டிக்காரி.

மனேஜர் காலை எட்டு மணிக்கு வந்து இறங்கினார். பெரிய உடம்பு, நீலக் கோட், கையில் ஒரு சின்னக் கொப்பி. எங்கள் அறையின் ஏசி வழக்கம் போல இருமிவிட்டு நின்றது. கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் கொழுவிவிட்டு, "டிரஸ் கோட்ல மட்டும் எனக்குக் காம்ப்ரமைஸே கிடையாதும்மா. நீங்க எப்படி ஹாண்டில் பண்றீங்கன்னு பாக்கணும்" என்று என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். கழுத்து நோகுமளவுக்கு ஆட்டினேன்.

பத்து மணிக்கு மேலே வந்தார் சின்னராசா ஐயா. நீர்வேலி வாழைத் தோட்டக்காரர், எழுபதுக்குக் கிட்ட வயது, மெல்லிய தேகம். அவருடைய பையை நிறுத்து, சீட்டுக் கட்டி, விமானத்துக்குப் போகிற வண்டிலில் அனுப்பிய பிறகுதான் சேட்டைப் பார்த்தேன். வெள்ளைச் சேட்டு, வெள்ளை வேட்டி, இடது தோளில் சால்வை. வலது தோளிலிருந்து நெஞ்சு வழியாக வேட்டி வரைக்கும் கபிலமும் கறுப்புமாகக் கறை. யாரோ தேயிலைச் சாயத்தைத் தோளில் ஊற்றியது போல.

என் கண் பொத்தானில் நின்றது. வழக்கம் போல.

"ஐயா, உந்த அழுக்குச் சேட்டோடை ஏத்த மாட்டினம்."

"அழுக்கில்லைப் பிள்ளை, வாழைக் கயர்."

"என்னவெண்டாலும் கழுவிப்போட்டு வாங்கோ. கழிப்பறை அந்தப் பக்கம்."

அவர் சிரித்தார். "கயரைத் தண்ணியிலை கழுவினால் இன்னும் கறுக்கும். நல்லூர்ப் பக்கமோ நீர்?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"வாழைப்பழம் கடையிலை முளைக்கிறதெண்டு நினைக்கிற ஆக்கள் அங்கைதான் கூட."

எனக்குக் கோபம் வந்தது. மனேஜர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைவும் வந்தது. கொப்பியைத் திறந்தேன். உடை என்ற நிரலில் தடித்த எழுத்தில் எழுதினேன்: தகாது. பிறகு உள்ளே போய் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். மனேஜர் எழுந்து வந்தார். சேட்டைப் பார்த்தார்.

"குட். ஆஃப்லோட் பண்ணிடுங்க. அடுத்த ஃபிளைட்ல நல்ல டிரஸ்ஸோட வரட்டும்" என்று சொல்லிவிட்டு, வாயிற் பக்கத்தில் பயணிகளைப் பார்வையிடப் போய்விட்டார். அவர் பார்த்தது சேட்டை மட்டும்தான். அது பிறகு எனக்கு உதவியது.

அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து. அதைச் சொன்னேன். அப்போதுதான் ஐயாவின் சிரிப்பு நின்றது.

"பிள்ளை, மனுசி சென்னையிலை ஆசுப்பத்திரியிலை கிடக்கிறா. நாளைக்குக் காலமை நெஞ்சிலை ஒப்பரேசன். நான் வந்து பக்கத்திலை நிண்டால்தான் உள்ளை போவனெண்டு பிடிவாதமா நிக்கிறா. மகள் அழுறாள். எனக்குப் பாஸ்போட் வந்ததே முந்தநாள்."

"ஐயா, அப்ப ஏன் இப்பிடி..."

"இப்பிடி வெளிக்கிடேல்லை. பாரும்."

கைபேசியை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுத் திரையைத் தள்ளினார். காலை ஆறரைக்கு எடுத்த படம். வைரவர் கோயில் வாசல். தோளில் ஒரு இதரை வாழைக் குலையோடு ஐயா நிற்கிறார். அதே சேட்டு, அதே வேட்டி. கொக்கின் செட்டை மாதிரி வெள்ளை. ஒரு பொட்டுக் கறை இல்லை.

"ஒப்பரேசன் நல்லபடியா முடிய வேணுமெண்டு ஒரு குலை நேந்தனான். வெட்டி, தோளிலை வைச்சுக்கொண்டு போய்க் குடுத்திட்டு நேரை வாறன். வெட்டேக்கை பால் தண்ணி மாதிரித்தான் இருக்கும், ஈரமெண்டு மட்டும்தான் தெரியும். காயக் காயத்தான் கறுக்கும். பஸ்ஸிலை இருக்கேக்கை பாத்தன், மஞ்சளாக் கிடந்தது. உம்மட்டை வரேக்கை இப்பிடி. இனி என்ன செய்யிறது? நான் மகளுக்குப் படம் அனுப்பிப்போட்டன், வெளிக்கிட்டிட்டன் எண்டு."

மேசைக்குக் கீழே என் கால் தானாகவே பெட்டியைத் தேடியது. பெட்டி இல்லை. பெட்டி நல்லூரில் வாசனைப் பவுடரில் குளித்துக்கொண்டிருந்தது. ஐயாவின் பை விமானத்தின் வயிற்றுக்குள். ஜெபரத்தினம் சேர் வாயிலில் சீட்டுக் கிழிக்கிறார், அவருக்குப் பக்கத்தில் மனேஜர். கவுண்டர் மூடப் பன்னிரண்டு நிமிடம். மூன்று வருடமாகச் சேர் எழுதாத சொல்லை என் கை எழுதி வைத்திருக்கிறது, மையும் காயவில்லை.

நான் நல்லவள் என்பதால் அதைச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் கை விறுவிறுவென்று வேலை செய்யும். அறைக்குள் போனேன். கதிரையின் முதுகில் மனேஜரின் நீலக் கோட் தொங்கியது. பொக்கற்றுகளைத் துழாவி, உள்ளே இருந்த சீப்பு, பேனை, இருமல் இனிப்பு எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். களவு வேறு, இது வேறு என்று காட்டுவதற்கு. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஐயா, உதைப் போடுங்கோ."

"ஆற்றை?"

"கம்பனி குடுக்கிறது."

"கம்பனி நல்ல கம்பனிபோலை."

அவர் கழிப்பறைக்குள் போய் வேட்டியின் உட்புறத்தை வெளிப்புறமாக்கி, கறை மடிப்புக்குள் போகும்படி கட்டிக்கொண்டு வந்தார். கோட்டைப் போட்டு மூன்று பொத்தானையும் நான்தான் பூட்டினேன். மனேஜரின் தோளுக்குத் தைத்த கோட்; ஐயாவின் விரல் நுனி மட்டும் கோட்டின் கையிலிருந்து எட்டிப் பார்த்தது. கீழ்க்கரை முழங்காலைத் தேடிக்கொண்டு போனது. ஆனால் கறை தெரியவில்லை. கழுத்துப் பக்கம் தெரிந்த கொஞ்சத்தையும் அவருடைய சால்வையைச் சுற்றி மறைத்தேன். நல்லூர்த் தெருவில் யாரும் பார்த்திருந்தால் பாராளுமன்றத்துக்குப் போகிறார் என்று வழி விட்டிருப்பார்கள்.

வாயிலுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். மனேஜர் கொப்பியோடு நிமிர்ந்தார். கோட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வெல்கம் சார். ஹாவ் எ ப்ளெசண்ட் ஃப்ளைட்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "பாத்தீங்களா? இந்த வயசுல எவ்வளவு டீசண்டா வர்றார்" என்றார்.

அடுத்தது ஜெபரத்தினம் சேர். அவர் காலில் தொடங்கினார். தேய்ந்த ரயர்ச் செருப்பு, விரலிடுக்கில் தோட்டத்துச் செம்மண். திருப்பிக் கட்டிய வேட்டி. முழங்காலில் கோட். பொத்தான். அங்கே அவருடைய கண் கொஞ்சம் தாமதித்தது. ஒருதரம் மனேஜரின் வெறும் சேட்டைப் பார்த்தது. ஒருதரம் என்னைப் பார்த்தது. பிறகு மேலே போய், ஐயாவின் முகத்தில் நின்றது.

மூக்குக்குள் முனகல் கேட்டது. கிறிஸ்மஸ் பாட்டு.

"வணக்கம் ஐயா. ஆரைப் பாக்கப் போறியள்?"

"மனுசியை, தம்பி."

"சுகமாப் போட்டு வாங்கோ" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

விமானம் எழும்பிப் பனைகளுக்கு மேலே திரும்பிய பிறகு மனேஜர் கோட்டைத் தேடினார். கதிரைக்குக் கீழே பார்த்தார். அலுமாரியைத் திறந்தார். மேசையில் அணிவகுத்து நின்ற சீப்பையும் பேனையையும் பார்த்தார்.

"சேர், உங்கடை கோட் சென்னைக்குப் போட்டுது" என்றேன். "நீங்கள்தான் வழியனுப்பி வைச்சனீங்கள்."

அவர் சொன்னதை எழுதினால் இந்தக் கட்டுரைக்கும் ஒரு உடை ஒழுங்கு தேவைப்படும். எழுத்தில் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன், இரண்டே வரி: பயணி தகாத உடையில் இருந்தார் என்று நானே தீர்மானித்தேன். தகுந்த உடையொன்று கதிரையில் சும்மா இருந்தது. நிரந்தர நியமனம் ஆவியாகிப் போய்விட்டது. விலக்கும் கடிதம் வருமுன் விலகல் கடிதத்தை நான் முந்திக் கொடுத்துவிட்டேன்.

போகுமுன் கொப்பியில் என் சொல்லை அழிக்கலாமோ என்று பார்த்தேன். சேர் அதை முன்பே ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் தன் மணி மணியான எழுத்தில் எழுதியிருந்தார்: உதவியுடன் தகும். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். லோன்றிக் கூலியை என்னையே கட்டவும் வைத்தார்.

அடுத்த நாள் பின்னேரம் சென்னையிலிருந்து ஐயாவின் அழைப்பு வந்தது. கவுண்டர் இலக்கத்துக்கு எடுத்து, சேரிடம் என் இலக்கத்தை வாங்கியிருந்தார்.

"பிள்ளை, முடிஞ்சுது. கண் முழிச்சிட்டா. முழிச்ச உடனை என்ன கேட்டவ தெரியுமே? உதென்ன கோலமெண்டு. கோட்டைக் கழட்டினனான், கீழை இருந்த சேட்டைப் பாத்திட்டு, கோட்டையே போடுங்கோ எண்டிட்டா."

மாதம் ஒன்று கழிந்து இருவரும் திரும்பி வந்தபோது கோட்டும் வந்தது. நான் அங்கே இல்லாதபடியால் சேரிடம் கொடுத்திருக்கிறார்கள். மகள் நன்றியோடு மூன்று தரம் துவைத்திருக்கிறாள். ஐயா சொன்னது போலவே, உள் துணியில் ஒட்டியிருந்த கயர் துவைக்கத் துவைக்கக் கறுத்துவிட்டது. சேர் அதை மனேஜருக்கு அனுப்பினார். இந்தக் கறையோடு தனக்கு வேண்டாம் என்று மனேஜர் திருப்பி அனுப்பினார். அது பெட்டிக்குள் போனது. துஷானி, அந்தக் கோட் அதுதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அட்டையில் அந்தப் படம் எப்படி வந்தது என்று நான் அவளிடம் கேட்டேன்.

"ஒவ்வொரு நிலையத்தாலையும் வடிவா உடுத்தின பயணி ஒராளின்ரை படம் அனுப்பச் சொன்னவை அக்கா. அண்டைக்குக் கரவெட்டி அண்ணை ஒராள் கோட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அவரை எடுத்து அனுப்பினனான். மனேஜர்தான் தெரிவு செய்தவராம். உதுதான் முன்மாதிரி எண்டு எழுதியும் இருந்தவர்."

"முழுப் படமும் இருக்கோ?"

அனுப்பினாள். அட்டைக்காக அவர்கள் படத்தை இடுப்போடு வெட்டியிருந்தார்கள். வெட்டாத படத்தில் கோட்டுக்குக் கீழே முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய கட்டம் போட்ட சாரம். ஒரு காலில் எங்கள் பிஸ்கற் பெட்டிச் செருப்பு. மற்றக் காலில் ஒன்றுமே இல்லை.